மர எஞ்சின்

சனிக்கிழமை காலை என் கணவர் ஆர்மான் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து டேப்பை எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஜாக்கெட் பாதி வெட்டிக் கிடந்தது.

"அதை எடுத்துட்டுப் போனா நான் எதால அளக்கிறது?"

"ஜாண் போட்டு அளந்துக்க. ஜாக்கெட்டுதானே, எஞ்சினா?"

டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார். காப்பியை நின்றபடியே குடித்தார். நாகப்பட்டினத்துக்குப் போய் அளவெடுத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. வாசல்வரை கூடப் போனேன். அவரிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. வாயைத் திறந்தேன். "குடை எடுத்துக்கங்க" என்றுதான் வந்தது.

அது 1952 நவம்பர் இருபத்தொன்பது.

எங்கள் கார் அப்போதே கால் நூற்றாண்டு பழையது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பிரெஞ்சு வண்டி; ஒரு காலத்தில் பந்தயத்துக்கு ஓட்டிய வகை. பின்பக்கம் படகு முனைபோலக் கூராக முடியும். ஊர் திரும்பிய ஒரு துரை அதை இவரிடம் விட்டுப் போனார். சைகோனில் பதினைந்து வருடம் பட்டாளத்து லாரிகளைப் பழுது பார்த்துவிட்டு வந்தவர் இவர். வண்டியைப் பார்த்த அன்றே மூடியைத் திறந்து, "உடம்பு பந்தயக்குதிரை, நெஞ்சு கிழட்டுக் கழுதை" என்றார். எஞ்சினுக்கு முப்பது குதிரை பலம் என்பது புதிதாக இருந்தபோது. இப்போது பாதி இருந்தால் அதிகம்.

சண்டை முடிந்து ராணுவம் கழித்துப் போட்ட ஜீப் எஞ்சின் ஒன்று நாகப்பட்டினத்தில் சேக் அலாவுதீனின் கொட்டகையில் கிடந்தது. அறுபது குதிரை. அதை எங்கள் வண்டிக்குள் இறக்க வேண்டும் என்பது இவருடைய ஆசை. ஆறு மாதம் வீட்டில் வேறு பேச்சில்லை. கனமான எஞ்சின் என்பதால் முன் வில்லுக்கு இரண்டு பட்டை கூட்ட வேண்டும். ஜீப்பின் கியர்பெட்டியையும் சேர்த்தே வைத்து, பின்னால் போகிற தண்டை அறுத்துக் குறைக்க வேண்டும். சோறு பிசைந்த விரலாலேயே இலையில் கோடு போட்டுக் காட்டுவார்.

லாரி வைத்திருந்த முத்து முகம்மது நானா இவருக்குச் சிநேகிதர். எங்கள் முற்றத்தில் வந்து உட்கார்ந்து சீண்டிக்கொண்டிருப்பார்.

"எஞ்சினுக்கு ஜீப்பு, பிரேக்குக்கு மாட்டுவண்டியா மாப்ளே? எங்க போய் நிப்பே? கடல்லயா?"

"பிரேக்கு அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல ஓடட்டும்."

நானா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வண்டிக்குக் கம்பி இழுக்கிற பிரேக். திருநள்ளாறு சாலையில் ஒரு தடவை குறுக்கே வந்த வண்டிமாடு தானாக நகர்ந்ததால்தான் தப்பினோம். அதுவும் கிழட்டு எஞ்சினின் வேகத்தில்.

அப்போது எங்கள் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில். நாகப்பட்டினம் இந்தியா. இடையில் வாஞ்சூரில் சுங்கச் சாவடி. எஞ்சினைக் கொண்டுவர ஒரே ஒரு தடவைக்குத்தான் அனுமதிச் சீட்டு கிடைக்கும். கொண்டுவந்து வைத்துப் பார்த்து, சேரவில்லை என்று திருப்பி எடுத்துப் போக முடியாது. அதனால் இவர் ஒரு யோசனை செய்தார். எஞ்சின் அளவுக்கு மரத்தில் ஒன்று செய்து முதலில் அதை இறக்கிப் பார்ப்பது.

முதல் தடவை போனபோது கையில் டேப் இல்லை. தென்னை ஈர்க்கு மூன்றை எடுத்து நீளம், அகலம், உயரம் என்று வைத்து நறுக்கிக்கொண்டு வந்தார். நம் ஊரில் ஜன்னலுக்கும் ஈர்க்குதான், எஞ்சினுக்கும் ஈர்க்குதான். அவற்றை நீலமேகம் ஆசாரியிடம் கொடுத்தார். எத்தனை அங்குலம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஆசாரி மர எஞ்சினைத் தலையில் சுமந்து வந்து முற்றத்தில் இறக்கினார். இவர் வீட்டில் இல்லை.

"ஈர்க்க கோல்ல வச்சுப் பாத்தேம்மா. நீளம் சரியா இருபத்தெட்டு அங்குலம். ஆயம் ஆகாது. உசிரோட ஆளு ஏறிப்போற வண்டி. ஒரு அங்குலம் கூட்டி இருபத்தொம்பதா வச்சிட்டேன். முசேகிட்ட மறக்காம சொல்லிடுங்க."

முசே என்று ஊரில் இவரைத்தான் சொல்வார்கள். ஆயம் என்பது நீளத்தில் நல்லது கெட்டது பார்ப்பது. கட்டிலுக்கும் வாசல் நிலைக்கும் பார்ப்பார்கள். எஞ்சினுக்குப் பார்த்தவர் எங்கள் ஆசாரி ஒருவர்தான். ஈர்க்குகள் எங்கே என்று கேட்டேன். அடுப்பில் போட்டாயிற்று என்றார். மறுநாள் ஒரு வீட்டு வேலைக்காகக் குரும்பகரம் போய்விட்டார்.

வியாழக்கிழமை பழைய எஞ்சினை மூங்கில் முக்காலி கட்டித் தூக்கிச் சாக்கின்மேல் வைத்தார்கள். மர எஞ்சினை இறக்கினார்கள். பின்பக்கம் போய் இடித்து நின்றது. அரை அங்குலம் குறைந்திருந்தால் இறங்கியிருக்கும்.

"மரமே உள்ள போவ மாட்டேங்குதே மாப்ளே. இரும்பா போவும்?" என்றார் நானா.

"பின் தகட்ட வெட்டி, சீட்டத் தள்ளி வச்சா?"

"தங்கச்சி எங்க உக்காரும்? படகு முனையிலயா?"

இவர் குனிந்து, இடித்து நின்ற இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். "ஆசாரி தப்பு பண்ண மாட்டான். ஈர்க்கு வளைஞ்சிருக்கும். நான்தான் சரியா அளக்கல" என்றார்.

நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். எஞ்சின் சேராது என்று ஆகிவிட்டால் நல்லது என்று எனக்கு இருந்தது. சாயங்காலங்களில் கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரைக்கு மெதுவாகப் போகும்போது அவர் பேசுவது எனக்கு முழுதாகக் கேட்கும். அது போதும் எனக்கு. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை டேப்பை எடுத்தபோதும், அவரே போய்க் கண்டுபிடிக்கட்டும், கோபம் ஆசாரிமேல் போகட்டும் என்று நினைத்தேன்.

கார் எஞ்சின் இல்லாமல் நின்றதால் பஸ்ஸில் போனார். மத்தியானம் மழை பிடித்தது. சாயங்காலம் பஸ் வரவில்லை. மறுநாள் அடித்த புயலைப் பற்றி டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் வீட்டு ஓடு பாதி போயிற்று. நாகப்பட்டினத்தில் அலாவுதீனின் கொட்டகைச் சுவர் விழுந்தது. புதன்கிழமை ஆர்மானைக் கொண்டுவந்தார்கள்.

துக்கத்துக்கு வந்த ஆசாரி தலைமாட்டில் நின்று அழுதார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று பயந்து, நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தை மாதம் அலாவுதீன் கால் கட்டோடு வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார்.

"சனிக்கிழமையே அளந்துட்டாரும்மா. ரெண்டு தடவ அளந்தாரு. இருபத்தெட்டுதான். கொஞ்ச நேரம் டேப்பையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் ஒரே சிரிப்பு. 'பாய், எங்க ஆசாரி என் எஞ்சினுக்கு ஆயம் பாத்துட்டான்'னாரு."

காலித் தம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"அதோட விடல. 'வீட்டுல அவளுக்குத் தெரியும் போலருக்கு, வாசல்ல வந்து என்னமோ சொல்லத் தொடங்கி முழுங்கிட்டா'ன்னாரு."

"கோவமாவா சொன்னாரு?"

"இல்லம்மா. 'பயந்திருக்கா பாய். பிரேக்க முதல்ல மாத்தணும்'னு சொல்லிட்டு, அன்னிக்கு ராத்திரி பூரா அதத்தான் காயிதத்துல போட்டுப் பாத்துக்கிட்டிருந்தாரு. மழையில வேற வேல இல்லயே."

காயிதத்தை என்னிடம் கொடுத்தார். நனைந்து காய்ந்த தாள். எஞ்சின் படம் மூலையில் சின்னதாக இருந்தது. மீதி முழுவதும் நான்கு சக்கரங்களும் பிரேக் குழாய்களும்.

மறுநாள் குரும்பகரத்துக்கு ஆளனுப்பி ஆசாரியை வரவழைத்தேன்.

"நீங்க சொல்லச் சொன்னத நான் அவர்கிட்ட சொல்லல ஆசாரி" என்றேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் கூட்டாம இருந்திருக்கலாம்மா" என்றார். மர எஞ்சினை எடுத்துப் போகட்டுமா என்று போகும்போது கேட்டார். எடுத்துப் போகச் சொன்னேன்.

நானா அந்தத் தாளைப் பார்த்து பிரேக்கை மாற்றிக்கொடுத்தார். சாக்கின்மேல் கிடந்த பழைய எஞ்சினையே திரும்ப இறக்கினார். எனக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்.

ஏழு வருடமாக ஓட்டுகிறேன். மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் முள் நகர்வதில்லை.