ஆர்லனுக்கு முள், லுவானுக்குத் திரை

ஆர்லன் ட்வைட்டும் லுவானும் விவாகரத்து வாங்கியபோது வீடு லுவானுக்கு, ஏரிக்கரைக் குடிலும் படகும் ஆர்லனுக்கு, நாய் வாரம் ஒருவரிடம் என்று எல்லாம் ஒரே மதியத்தில் முடிந்துவிட்டது. இருவரும் தாங்களே சேர்ந்து பாதி கட்டிய விமானத்தை மட்டும் பிரிக்க வழி தெரியவில்லை. அதன் உடம்புத் தகட்டில் பன்னிரண்டாயிரம் ரிவெட் ஆணி. ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு ஆள் அடிக்க வேண்டும், உள்ளே ஒரு ஆள் இரும்புக் கட்டையை அண்டை கொடுக்க வேண்டும். அதனால் விமானம் இருவருக்கும் பொது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வழக்கம்போல இருவரும் விமானக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அப்படியே ஐந்து வருஷம் ஓடியது. இறக்கை ஏறியது, இன்ஜின் ஏறியது, பக்கம் பக்கமாக இருந்த இரண்டு இருக்கைக்கும் தோல் தைத்தாயிற்று. மிச்சம் முகப்புப் பலகை. உயரம், வேகம், இன்ஜின் சூடு எல்லாம் காட்டும் கருவிகள் உட்கார வேண்டிய இடம் வெறும் ஓட்டையாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

ஆர்லன் முப்பத்தோரு வருஷம் ஊர் பால் பண்ணையில் பாய்லர் பார்த்தவர். அளவுமானியில் முள் நடுங்கினால் அது எதற்கு நடுங்குகிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். லுவான் மாவட்ட ஆம்புலன்ஸ் அறையில் ஆறு கணினித் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, சோயாக் காட்டுக்குள் கவிழ்ந்த டிராக்டரைக்கூடத் தேடி வண்டி அனுப்பியவர்.

"முள்ளுன்னா ஒரு பார்வை போதும். படிக்கவே வேண்டாம்," என்பார் ஆர்லன்.

"ஆறு முள்ளுக்கு ஆறு பார்வை பாக்கணும். நீ பாத்து முடிக்கறதுக்குள்ள சோளக் காட்டுல இறங்கியிருப்போம்."

"கரண்ட் போச்சுன்னா உன் திரை என்னத்தக் காட்டும்? உன் மூஞ்சியத்தான் காட்டும்."

"அதுவாவது பாக்கற மாதிரி இருக்கும்."

இருவரும் ஆளுக்கொரு அட்டைப் பலகை செய்துவைத்திருந்தார்கள். ஆர்லனுடையதில் காபி மூடியை வைத்து வரைந்த வட்டங்கள். லுவானுடையதில் இரண்டு பெரிய செவ்வகம். சனிக்கிழமை முதலில் வருகிறவர் தன் அட்டையை ஓட்டையில் மாட்டுவார். அடுத்தவர் அட்டை குப்பைக் கூடையில் கிடக்கும். பக்கத்துக் கொட்டகை மெர்ல் இதற்காகவே எட்டு மணிக்கு முன்னால் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

கடைசியில் அவர்தான் சொன்னார். "ஜூலையில நடக்கற விமானக் கண்காட்சிக்கு ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. அங்க எல்லாக் கம்பெனியும் கடை போட்டிருப்பான். கண்ணால பாத்துட்டு சண்டை போடுங்க."

கண்காட்சி நடந்த விஸ்கான்சினில் அன்றைக்கு மண்டையைப் பிளக்கும் வெயில். முதல் கடையில் கிப் என்ற இளைஞன், வெட்டவெளியில் ஒரு திரையை நிறுத்திவைத்திருந்தான்.

"நேர் வெயில்லயும் பளிச்சுனு தெரியும், சார். நீங்களே பாருங்க."

ஆர்லன் பார்த்தார். தோசைக்கல் மாதிரி கன்னங்கரேலென்று இருந்தது.

"எது தம்பி பளிச்சுனு?"

"எல்லாந்தான். உயரம், வேகம், காத்து எந்தப் பக்கம் அடிக்குது, எல்லாம்," என்றார் லுவான்.

இருவரும் சேர்ந்து தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று ஆர்லனுக்குத் தோன்றியது. ஆனால் கிப்பின் முகத்தில் கேலி இல்லை. அவன் குனிந்து ஒயரைத் தொட்டுப் பார்த்தான்.

அடுத்த கடைத் திரையும் கறுப்பு. அதற்கடுத்ததும் கறுப்பு. ஆர்லனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "தரையில நிக்கும்போதே செத்துக் கிடக்கு, மேல போனா என்ன ஆகும்?" என்று கடைக்குக் கடை பேசிக்கொண்டே போனார். முள் கட்சிக்காரக் கிழவர்கள் நாலைந்து பேர் பின்னாலேயே சேர்ந்துகொண்டார்கள். அவர்களிலும் இரண்டு பேருக்குத் திரை கறுப்பாகத்தான் தெரிந்தது. கிப்பும் கவலையோடு கூடவே வந்தான்.

நாலாவது கடையில் ஆர்லன் கழுத்து வலிக்கிறது என்று தலையைத் தோள்மேல் சாய்த்தார். "அட, வந்துடுச்சே," என்றார். நிமிர்ந்தார். "போயிடுச்சு."

லுவான் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கையை நீட்டி அவர் மூக்கிலிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நீலமும் பழுப்புமாக, வானமும் தரையுமாக, திரை பளபளவென்று எதிரே நின்றது.

"இது மீன் பிடிக்கறப்ப போடற கண்ணாடிதானே?"

"ஆமா. தண்ணியில கூசாம, அடியில இருக்கற மீன் தெரியும்."

"அந்தக் கண்ணாடி தண்ணி மேல அடிக்கற கூச்சத்த வடிகட்டும், சார். திரையோட வெளிச்சமும் அதே மாதிரிதான். அதையும் சேத்து வடிகட்டிடுது. தலையச் சாய்ச்சாத்தான் உள்ள விடும்," என்றான் கிப் மெதுவாக.

கிழவர்கள் கூட்டம் சத்தமில்லாமல் கரைந்தது. ஒருவர் போகிற போக்கில் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆர்லனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் திரையைப் பார்த்தார். மூலையில் எண்ணெய்ச் சூடு வட்டமாக, முள்ளோடு இருந்தது.

"இதுல முள்ளு இருக்கே."

"வேணும்னா எல்லாத்தையும் முள்ளா வச்சுக்கலாம், சார்."

வெண்ணெய் தடவிய சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டே பேசி முடித்தார்கள். நடுவில் ஒரு பெரிய திரை; அதில் இன்ஜின் பகுதி முழுக்க முள். இடது ஓரத்தில் நிஜமான உயரமானியும் வேகமானியும், காற்று மட்டும் இருந்தால் போதும், மின்சாரமே வேண்டாதவை. இவ்வளவு சீக்கிரம் லுவான் இறங்கி வருவார் என்று ஆர்லன் நினைக்கவில்லை. கண்ணாடி விஷயத்தை ஊரில் சொல்லாமல் இருப்பாரா என்றுதான் கேட்க நினைத்தார். கேட்கவில்லை. திங்கட்கிழமைக்குள் மெர்லுக்குத் தெரிந்திருந்தது.

பனிக்காலம் முழுக்க ஒயர் இழுத்து, ஏப்ரல் மாதச் சனிக்கிழமை ஒன்றில் முதல் தடவையாகத் திரைக்கு உயிர் கொடுத்தார்கள். மெர்ல் நாற்காலியோடு வந்திருந்தார். திரை தேதியையும் நேரத்தையும் கேட்டது. விமானத்தின் பெயரைக் கேட்டது. அப்புறம், பாரம் சரியாக இருக்கிறதா என்று கணக்குப் போட, இடது இருக்கைக்காரர் எடை எவ்வளவு, வலது இருக்கைக்காரர் எடை எவ்வளவு என்று கேட்டது.

இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"நீ முதல்ல போடு," என்றார் ஆர்லன்.

"கோர்ட்லகூட இதக் கேக்கல."

"சரி, எனக்கு நூத்தித் தொண்ணூறு பவுண்டு போட்டுக்கோ."

"கல்யாணத்தப்பவும் நூத்தித் தொண்ணூறுதான் சொன்ன. அன்னைக்குப் போட்ட கோட்டு இப்ப உன் கையிலயே ஏறாது."

விமானத்தை எடை போட மெர்ல் வைத்திருந்த மின்தராசு அங்கேயே கிடந்தது. ஒருவர் ஏறும்போது மற்றவர் சுவரைப் பார்க்க வேண்டும், மெர்ல் மட்டும் பார்த்துத் திரையில் எண்ணைப் போட்டு மறைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. லுவான் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறினார். ஆர்லன் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ஏறினார். மெர்ல் சொன்ன சொல் தவறாமல் எண்களைப் போட்டு மறைத்தார்.

திரை இரண்டு பேரின் மொத்த எடையைப் பெரிய எழுத்தில் காட்டியது.

அவரவர் எடை அவரவருக்குத் தெரியும். கழித்தல் கணக்கும் இருவருக்கும் தெரியும். மொத்தத்துக்குக் கீழே சிவப்பில், பெட்ரோல் முழுக்க நிரப்பினால் நாற்பத்திரண்டு பவுண்டு கூடுதல் என்று இருந்தது.

"பெட்ரோலக் குறைச்சுக்கலாம்," என்றார் ஆர்லன் ரொம்ப மரியாதையாக.

"குறைச்சா எவ்வளவு நேரம் பறக்கும்?"

"மூணரை மணி நேரம்."

லுவான் யோசித்தார். "உன்கூட அதுக்கு மேல யாரு உக்காரப் போறா?" என்று சொல்லிவிட்டு, பெட்ரோல் அளவைத் தானே மாற்றிப் போட்டார். சிவப்பு பச்சையானது.