கூரைக்கு ஏறிய பிள்ளைகள்

அந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் அவசரப் பிரிவில், மூச்சு நின்ற பிள்ளைகள் எடையிழந்து கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும். கட்டிலோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தார்கள். கட்டிலும் கூடவே போயிற்று. இறக்கிக்கொண்டிருந்தால் உயிர் காத்திருக்காது. ஆகவே தலைமை நர்ஸ் ஏணியில் ஏறி, கூரையையே பலகையாக வைத்து, பிள்ளையின் நெஞ்சை மேல்நோக்கி அமுக்கக் கற்றுக்கொண்டாள். நாளடைவில் சம்பளச் சீட்டிலேயே அவள் பெயர் ஏணியக்கா என்று வந்தது. கீழ்நோக்கி அமுக்கினாலே தோள் கழன்றுபோகும் வேலை. ஆள் மாற்ற வசதியாக ஏணி எப்போதும் இரண்டு. "கை தளர்ந்தும் விடமாட்டேன்னு நிக்கிறவன் வீரன் இல்ல, இடைஞ்சல்" என்பாள். மற்ற இடங்களில் பெற்றோரை வெளியே அனுப்பிவிடுவார்கள். இங்கே, கீழே போர்வையை விரித்துப் பிடிக்க அவர்கள் வேண்டும்.

அவள் விடுப்பில் இருந்தபோது, பிள்ளைகள் தலையில் இடித்துக்கொள்ளக் கூடாதென்று நிர்வாகி கூரை முழுக்கப் பஞ்சு அட்டை ஒட்டி மேகம் வரைந்துவைத்தார். நல்ல மனசுதான். நல்ல மனசால் கெட்டுப்போன காரியங்கள் ஊரில் எத்தனையோ.

அவள் திரும்பிய அன்று, தண்ணீர்த் தொட்டியில் விழுந்த மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு லாரி ஓட்டுநர் ஓடிவந்தார். வாசல் தாண்டியதும் பிள்ளை அவர் கையிலிருந்தே எழும்பிப் போனது. ஏணியக்கா ஏறி அமுக்கினாள். பிள்ளை மேகத்துக்குள் புதைந்ததே தவிர நெஞ்சு அமுங்கவில்லை. மேசைமேல் நின்று பிள்ளையின் வாயில் பொருத்திய காற்றுப்பையை அழுத்திக்கொண்டிருந்த இளம் டாக்டர், "அக்கா, நாடியே வரல" என்றார்.

"மெத்தையில வச்சு அமுக்கினா எப்படித் தம்பி வரும்? யோவ் லாரி! அழுவுறத அப்புறம் வச்சுக்கலாம், ஏறி வந்து இந்தப் பஞ்சப் பிய்யி!"

லாரிக்காரர் மற்ற ஏணியில் ஏறி மேகங்களை நகத்தால் பிய்த்தார். கீழே, அவர் பின்னாலேயே ஓடிவந்திருந்த மனைவி தலை நரைத்ததுபோல் பஞ்சைச் சுமந்துகொண்டு போர்வையைப் பிடித்திருந்தாள். சிமெண்டு தெரிந்தது, பிள்ளையின் முதுகு அதில் பதிந்தது. ஏணியக்கா அமுக்கினாள். அவள் கை தளர, வேறொரு நர்ஸ் வந்தாள், மறுபடி ஏணியக்கா. முதலில் பிள்ளையின் ஒரு கால் மட்டும் தொங்கியது. பிறகு வாயிலிருந்து பீறிட்ட தண்ணீர் டாக்டரின் கண்ணாடியை நனைத்தது. அவர் அதைத் துடைக்கவேயில்லை. பிறகு எடை முழுவதும் ஒரேயடியாகத் திரும்பிவர, பிள்ளை போர்வையில் விழுந்து வீறிட்டு அழுதது. தாய் அதை அள்ளியபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, ஒரு கை பிடிங்க, ரொம்பக் கனக்குறா."

ரத்தம் கசியும் விரல்களோடு லாரிக்காரர் ஏணியிலிருந்து இறங்கினார். "கனக்கட்டும்டி" என்றார். "நல்லாக் கனக்கட்டும்."

இப்போது அங்கே துப்புரவுக்காரர்கள் தரையைத் துடைத்த கையோடு, பஞ்சில்லாத சிமெண்டுக் கூரையையும் துடைத்துவிட்டுப் போகிறார்கள்.