எந்த மந்து

சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் கேசியாவுக்குக் கால் கடுத்தது. ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில் வாரமெல்லாம் நின்றுகொண்டே வேலை. வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். நிற்பதற்குத்தான் அந்தப் படிப்பு. மடியில் வார இதழ். திருப்பதி லாட்ஜுகளில் பெட்ஷீட் துவைக்கும் தமிழ்ப் பெண்களைப் பற்றிய கட்டுரையில் அவள் அம்மா ஞானமணியும் இருந்தாள், படத்தோடு.

‘குடித்தே செத்த இஸ்ரேலின் மனைவி’ என்று போட்டிருந்தது.

இஸ்ரேல் அவள் நைனா. ஒரு சொட்டு தொட்டதில்லை. மஞ்சள்காமாலையில் போனவர். ஈரல் நோய் என்றாலே குடிதான் என்று அப்போதே அவர்கள் ஊரான புத்தூரில் பாதிப்பேர் கண்ணடித்தார்கள். சபையில் அந்தப் பேச்சு அடங்க வருஷங்கள் ஆயின.

கோபம்கூட அலுத்துப்போய்த்தான் வந்தது. சமீபத்தில் அவள் படித்த நாவல்களில், அவர்கள் தெரு மாதிரித் தெருவில் பிறந்த ஆம்பளை எவனும் குடிக்காமல் செத்ததில்லை. செய்திக் கட்டுரைகளிலும் அதேதான். பொம்பளை துவைப்பாள், புருஷன் குடிப்பான், எழுதினவனுக்கு விருது. ஒருத்தனாவது காய்ச்சலில் சாகக் கூடாதா?

நிருபருக்குப் போன் போட்டாள்.

“அம்மாவே சொன்னாங்கம்மா. ‘மந்து குடிச்சிக்கினே போய்ட்டாரு’ன்னு. தெலுங்குல மந்துன்னா சரக்குதானே?”

“மருந்தும் மந்துதான் சார்.”

“அடடா. வெப்சைட்ல மாத்திடறேன்.”

“எங்க ஊர் கடையில தொங்கறது வெப்சைட்டா சார்?”

வீட்டில் அம்மா முகம் கழுவி, தலைவாரிக் காத்திருந்தாள். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவள்; தமிழ் எழுத்து தெரியாது.

“படி கேசியா. நாளைக்கு சர்ச்ல ஐயரையே படிக்கச் சொல்லிக்கீறேன்.”

கேசியா படித்தாள். அந்த வரியைத் தாண்டிப் போனாள்.

“நைனா பேரு போட்டுக்கீறாங்களா?”

“போட்டுக்கீறாங்க.”

“இன்னான்னு?”

பொய் சொன்னால் நாளைக்குப் போதகர் ஐயர் வாயால் கேட்பாள். கேசியா உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

அம்மா தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் மந்துன்னுதானே சொன்னேன்.”

“அதாம்மா.”

“எந்த மந்துன்னு ஒரு வாட்டி கேக்கக் கூடாதா அந்தப் புள்ள? முறுக்கு துன்னுக்கினு அவ்ளோ நேரம் குந்தினு இருந்தானே.”

“அவன் கேக்கவா வந்தான்? எல்லாத்தையும் முன்னாடியே படிச்சிக்கினு வந்துட்டான்.”

அம்மா இதழை மடித்தாள். “ஐயருக்குக் குடுக்க வேணாம். சித்தூர்ல அக்காவ வாங்கச் சொல்லிட்டேனே, அதுக்கு இன்னா பண்றது?”

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. பெரியம்மா சுலோச்சனாதான். அம்மா போனைத் தொடவில்லை.

“நீயே பேசு.”

கேசியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எடுத்தாள். அந்தப் பக்கம் பெரியம்மா எடுத்த எடுப்பிலேயே அழுதாள்.

“பெரிம்மா, அழுவாத, கேளு. நைனா குடிச்சது கீழாநெல்லி,” என்று கேசியா ஆரம்பித்தாள்.