தலை தெரிகிற பிரிண்ட்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. நாகூரிலிருந்து காரைக்கால் வரும் பேருந்தில், முன் இருக்கைக்காரர் பக்கத்திலிருந்தவருக்குச் சொல்லிக்கொண்டு வந்ததைப் பின்னால் உட்கார்ந்து காதால் திருடியது. சொன்னவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பின்தலைதான் தெரிந்தது, நடுவில் வழுக்கை. முக்கியமான இடம் வரும்போதெல்லாம் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். முடிவுக்கு முன்னால் தலை எழுந்து இறங்கிப் போய்விட்டது.

ஆகவே வாசகரே, உங்கள் கையில் இருப்பதும் திருட்டுப் பிரிண்ட்தான். (நடுவில் இப்படி அடைப்புக்குறி வந்தால், முன்வரிசையில் யாரோ எழுந்து போகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுத்தால் உட்கார்ந்துவிடுவார்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1985ஆம் ஆண்டு, அரசலாற்றின் மேல் அந்திச் சூரியன் மெல்ல..."

அடித்துவிட்டேன். வீடியோ கடை மருதையன் ஆற்றைப் பார்க்கிற ஆள் இல்லை. அவன் பார்ப்பதெல்லாம் பிரிண்ட். (அவன் இல்லை, அவர். டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு விடுகிறவருக்கு அந்நாளில் கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு அடுத்த மரியாதை.)

புதுப் படம் காரைக்கால் கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள் கதாநாயகனுக்குத் தொப்பை விழுந்துவிடும். மருதையனிடமோ மெட்ராசில் போஸ்டர் பசை காய்வதற்குள் வந்துவிடும். சிங்கப்பூர்க் கொட்டகையில் ஓடும்போதே கேமரா வைத்துச் சுட்டு, கடல் தாண்டிச் சம்பாதித்து ஊர் திரும்பும் சபுராளிகளின் பெட்டியில், தைலத்துக்கும் நைலக்ஸ் சேலைக்கும் நடுவே வந்து இறங்கும். அப்போதைய கேமரா தையல் மெஷின் கனம். கைக்குழந்தை போலத் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுபோனார்களாம். படம் முழுக்க ஒரு குழந்தை அழாமல் இருக்கிறதே என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

தரங்கம்பாடிப் பக்கம் விசேஷம் என்றால் பூவம் எல்லையைத் தாண்டவேண்டும். சோதனைச் சாவடிப் போலீஸ்காரர் பையை முகர்ந்து பார்ப்பார். அவர் தேடியது பாட்டில். கேசட்டுக்கு வாசனை கிடையாது.

திருட்டு மாங்காய்க்கு ருசி அதிகம் என்பார்கள். மருதையனுக்கோ அந்த ருசி போதாது, மாங்காயின் மேல் ஒரு கீறலும் இல்லாமல் இருக்கவேண்டும். "நம்மகிட்ட பிரிண்டு கண்ணாடிங்க" என்று சொல்வதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. முன்வரிசைத் தலை தெரிகிற கேசட்டை வாடகைக்குக் கொடுக்கவே கூசுவார்.

3

கமர் நிஷாவை எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். அவள் கணவர் பீர் மைதீனுக்குச் சிங்கப்பூரில் மளிகைக் கடையில் வேலை. போன நோன்புக்குப் பிறகு கடிதமும் இல்லை, ஆள் மூலம் சேதியும் இல்லை. அங்கே வேறு குடும்பம் என்றது ஊரில் ஒரு வாய். ஆளே இல்லை என்றது இன்னொரு வாய். அவளுக்கு முதல் வாயின் மேல் ஆத்திரம், இரண்டாவதன் மேல் பயம். சொன்னது பொய்யாகவே இருந்தாலும் முதல் வாயைக் கட்டிக்கொண்டு அழலாம் என்று தோன்றும் நாட்களும் இருந்தன.

அக்காள் மகன் சுன்னத் விசேஷம் அவள் வீட்டில்தான் நடந்தது. மதியம் லுஹர் தொழுகை முடிந்து பெண்கள் கூடினார்கள். சன்னலில் போர்வை தொங்கியது. டெக்கோடு வந்த மருதையன், அன்றைக்குக் கைக்குக் கிடைத்த ஒரே பிரிண்டைப் போட்டார். மாமியார் ஆஸியா பீவிக்குப் படம் பார்ப்பது ஆகாது. கூட்டத்தை விட்டுப் போகவும் மனசில்லை. டி.வி.க்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். காதில் விழுவது பாவக் கணக்கில் வராது.

திரையில் கதாநாயகனின் தாய் சாகக் கிடந்தாள். அப்போது பார்த்து ஒரு நிழல் எழுந்தது. நெஞ்சில் கை வைத்து, நன்றாகக் குனிந்து, திரையைக் கடந்து போனது. மருதையனுக்கு மானம் போனது.

"மன்னிச்சுக்கங்க தங்கச்சி. அடுத்த வாரம் கண்ணாடி பிரிண்டு வந்துடும்."

"அண்ணே, நிப்பாட்டுங்க. கொஞ்சம் பின்னால ஓட்டுங்க."

ஓட்டினார். போன நிழல் பின்புறமாகவே நடந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

"இது எங்க மச்சான்" என்றாள் கமர் நிஷா.

பெண்கள் சிரித்தார்கள். "இருட்டுல எல்லா ஆம்பளைத் தலையும் தேங்காதாண்டி" என்றாள் அக்காள்.

"சிரிக்காதீங்க. அழுவாச்சி சீன் வந்தா அவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க, தாங்கமாட்டாங்க. பாட்டு வந்தா திரும்பி வந்துடுவாங்க. பாத்துக்கிட்டே இருங்க."

பார்த்தார்கள். தாய் செத்தாள். கதாநாயகன் கதறினான். ஒருவழியாகப் பாட்டு தொடங்கியது. நிழல் குனிந்தபடி திரும்பி வந்தது, கையில் ஒரு பொட்டலத்தோடு. யாரும் சிரிக்கவில்லை. உட்காரும்போது அது இருமியது.

சுவரைப் பார்த்திருந்த ஆஸியா பீவி தலையைத் திருப்பாமலே சொன்னார்: "அது எம்புள்ள இருமலு. ரெண்டாவது இருமல முழுங்குவான், சின்னதுலேந்து அப்புடித்தான்."

போன மாதம் வெளியான படம். அப்படியானால் போன மாதம் பீர் மைதீன் உயிரோடு, இருமலோடு, பொட்டலம் வாங்கித் தின்கிற தெம்போடு இருந்தார். கமர் நிஷா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷம்தான்.

(இருமல் கதையில் இருந்ததா, எனக்குச் சந்தேகம். அந்த இடத்தில் பேருந்தில் சொல்லிக்கொண்டிருந்தவரும் இருமினார். எந்த இருமலை எழுதினேன் என்று இப்போது தெரியவில்லை.)

4

அடுத்த வாரம் கண்ணாடி பிரிண்ட் வந்தது. மருதையன் தானே சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார். தாய் தெளிவாகச் செத்தாள்.

"இதுல எங்க மச்சான் இல்லையே அண்ணே" என்றாள் கமர் நிஷா.

தெருவே பழைய கேசட்டைத்தான் கேட்டது. கதாநாயகன் பெயர் யார் வாயிலும் வரவில்லை. "கமர் நிஷா மாப்பிள்ளை நடிச்ச படம்" என்றால் போதும். புருஷனை வெளிநாட்டுக்கு அனுப்பிய மற்ற பெண்களும், "தலை தெரியிற பிரிண்டா குடுங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். திரையை விட்டுவிட்டு முன்வரிசையில் தேடினார்கள். தொழிலில் இப்படி ஒரு அவமானம் தனக்கு வரும் என்று மருதையன் நினைத்ததே இல்லை.

அப்போது நெடுங்காட்டிலிருந்து இளையபெருமாள் வந்தார். மகள் கல்யாணம். "சம்பந்தி வூட்டுல புதுப் படம் கேக்குறாங்க. மானத்தக் காப்பாத்துங்க."

புதுப் படம் கைமாற்றாக வந்திருந்தது, சாயங்காலம் திருப்பித் தரவேண்டும். பதிந்து வைக்க வெற்றுக் கேசட் இல்லை. கண்ணாடி பிரிண்ட் இருக்கும்போது எந்தக் கேசட்டை அழிப்பது என்று யோசிக்கவே வேண்டாம். தலை கேசட்டை மெஷினில் போட்டார். அழிப்பதற்கு முன் அந்த இடத்தை ஒருமுறை ஓட்டி, நிறுத்திப் பார்த்தார். கோடு கோடாக நடுங்கியது. யாராகவும் இருக்கலாம். காரைக்காலில் பாதிப் பேர் பெரியவர்களைக் கடக்கும்போது அப்படித்தான் குனிவார்கள்.

நிச்சயமில்லாத ஒன்றை வைத்துக்கொண்டு ஒருத்தி சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அதன்மேல் இன்னொரு படத்தை ஏற்றுவதா? பதிவுப் பொத்தானில் விரலை வைத்தார். வைத்த விரலை...

5

பேருந்தில் கதை இந்த இடத்தில்தான் நின்றது.

சிங்கப்பூரிலிருந்து தந்தி வருவதாக ஒரு முடிவு எழுதினேன். கமர் நிஷாவின் முகத்தைப் பார்க்கமுடியாமல் கிழித்தேன். நிழல் கொட்டகையில் டார்ச் அடிக்கிற ஆள் என்று இன்னொன்று எழுதினேன். சாமர்த்தியமாக இருந்தது. அதற்காகவே கிழித்தேன்.

கேசட்டின் முதுகோரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. என் பிரதியில் மருதையன் ஸ்க்ரூடிரைவரால் அதை நெம்பி உடைக்கிறார். நெடுங்காட்டுக் கல்யாணத்தில் பழைய சாமி படம் ஓடுகிறது. சம்பந்தி முகம் தொங்குகிறது. ஆனால் அது என் ஆசை, நடந்ததா தெரியாது. உடைந்த பல்லின் மேல் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது எல்லா வீடியோ கடைக்காரருக்கும் தெரிந்த தந்திரம். உங்களுக்கு வேறு முடிவு வேண்டுமென்றால் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். "விரல வச்சிட்டாருங்க..." என்றதோடு முன் இருக்கைக்காரர் நிறுத்திக்கொண்டார். ஒருமுறை இருமினார். எழுந்தார். நெஞ்சில் கை வைத்து, உட்கார்ந்திருந்தவர்களை மறைக்காமல் குனிந்தபடியே போய், காரைக்கால் எல்லைக்குள் முதல் நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

ஓட்டுநர் அன்றைக்குப் பாட்டு ஏதும் போடவில்லை. போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.