அப்பா உள்ளே போகாத வீடு

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. போன நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, மறுநாள் அக்கா சண்முகவடிவு தொலைபேசியில் பேசினாள். பேச்சுவாக்கில், கொட்டகலையில் ரயில் நின்றுபோன வருடத்தைப் பற்றிச் சொன்னேன்.

"திரும்பிப் போகக் கூடாதுன்னு அப்பா ஒத்தக் கால்ல நின்னாரே" என்றேன்.

"அப்பாவா? அப்படி நின்னது அம்மா. அப்பா திரும்பத்தான் பாத்தாரு."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? நீ அப்ப அம்மா தோள்ல ஒறங்கிக்கிட்டு இருந்த."

போனை வைத்தேன். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கேட்பதற்கு ஆளில்லை. அந்த ஒரு வாக்கியம் யார் வாயிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து என் அப்பாவே வேறு ஆளாகிவிடுகிறார். எழுதினால் தெளியும் என்கிறார்கள். எனக்கு இதுவரை தெளிந்ததில்லை. ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மார்கழிப் பனி தேயிலை மலைகளை வெண்போர்வையாய்ப் போர்த்தியிருந்த ஒரு காலைப் பொழுதில்

(விட்டுவிட்டேன். இது நாட்காட்டிப் படம். எங்களுக்குப் பனி என்றால் விரல் மரத்துப்போவது, அவ்வளவுதான்.)

இரண்டாவது தொடக்கம்: நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை.

இது தேவலை. உண்மையும்கூட. அப்பா சோலைமலை, நோர்வூட் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். ஆனாலும் என் சிறுவயது நினைவுகளில் தீபாவளியைவிடப் பெரியது நத்தார்தான். அன்று நாங்கள் பயணம் போவோம்.

அம்மாவின் தங்கை அம்மாக்கண்ணு, நானுஓயாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் சவரிமுத்து என்பவரைத் தானாகவே கட்டிக்கொண்டு வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகிவிட்டாள். நத்தாருக்கு நத்தார் அவளைப் பார்க்கப் போவது அம்மா மீனம்மாவின் பிடிவாதம். விடியுமுன்பே எழுந்து, அட்டனுக்கு பஸ், அங்கிருந்து ரயில். அக்காவுக்கும் எனக்கும் ஒரே கம்பளிக் கோட்டு. அட்டன் வரை அவள், அப்புறம் நான். அம்மா மடியில் முறுக்கு டின். எதிர் ஆசனத்தில் அப்பா, தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு, யாரோடும் பேசாமல்.

சித்தி குடியிருந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, முன்னால் ஒரு பீலி உண்டு. மலையிலிருந்து வரும் தண்ணீர் தகரக் குழாய் வழியாக விழும். லயத்துப் பெண்கள் அங்கேதான் குடம் பிடிப்பார்கள். அதுவரை அப்பா வருவார். எங்களை உள்ளே அனுப்பிவிட்டு, சாயங்காலம் நாங்கள் திரும்பும்வரை அங்கேயே இருப்பார். சித்தப்பா சவரிமுத்து வருடம் தவறாமல் போய்க் கூப்பிடுவார்.

"உள்ள வாங்கண்ணே. ஒரு தேத்தண்ணியாச்சும் குடிங்க."

"இருக்கட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. பிஸ்கட் பெட்டியில் புல் பரப்பிச் செய்த குடிலுக்கு முன்னால் நாங்கள் கேக் தின்றுகொண்டிருப்போம். கதவுக்கு வெளியே, தண்ணீர் விழும் இடத்தில், அப்பாவின் முதுகு தெரியும்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இப்படி ஒருவர் இருப்பாரா? உள்ளே போகமாட்டேன் என்றால் நோர்வூட்டிலேயே இருந்திருக்கலாமே. அம்மாவைத் துணைக்கு யாரோடாவது அனுப்பியிருக்கலாம். வருடாவருடம் பஸ்ஸும் ரயிலும் ஏறிவந்து, ஒரு வீட்டுக்குள் போகாமல் இருந்துவிட்டுத் திரும்புகிற மனிதரைக் கதையில் வைத்தால் நீங்கள் நம்புவீர்களா? நானே சில நாள் நம்புவதில்லை.

காரணம் மதம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கோயில் தலைவர் வேதக்கார வீட்டில் கைநனைத்தால் தோட்டம் சும்மா இருக்குமா?

"மதமாவது மண்ணாங்கட்டியாவது" என்றாள் அக்கா, அதே தொலைபேசிச் சண்டையில். "அம்மாக்கண்ணு சின்னத்தாவ அழகுமுத்துச் சித்தப்பாவுக்குத்தான் பேசி வச்சிருந்தாங்க. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. அழகுமுத்து அப்பாவின் தம்பி. நான் பார்த்ததில்லை. இந்தியாவுக்குப் போனவர் என்று மட்டும் தெரியும். சித்தி வேறொருவரைக் கட்டிக்கொண்ட பிறகு, ஒருவரிடமும் சொல்லாமல் கப்பல் ஏறிவிட்டாராம். அதன்பின் அவரிடமிருந்து கடிதமே இல்லை.

ஆக, பீலியடியில் இருந்தவர் கோயில் தலைவரா, தம்பியைத் தொலைத்த அண்ணனா? நான் இவ்வளவு நாளும் தவறான ஆளின் முதுகையா பார்த்துக்கொண்டிருந்தேன்?*

* அம்மாவிடம் கேட்டிருக்கலாம் என்பீர்கள். கேட்கவேண்டும் என்று தோன்றுவதற்குக் கேள்வியே இருக்கவில்லையே.

4

இனி 1964க்கு வருகிறேன். அது ஒப்பந்தம் வந்த வருடம். தோட்டத்துச் சனங்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்திருந்தன. அந்த இத்தனை பேர் யார் யார் என்று யாருக்கும் தெரியாது. பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போதுகூடச் சனங்கள் திடுக்கிட்டார்கள்.

அந்த நத்தாரன்று விடாத மழை. கொட்டகலையில் ரயில் நின்றது. மேலே ரயில் பாதையில் மண் சரிந்துவிட்டதாம். எப்போது சீராகும் என்று ஸ்டேஷனில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இறங்கி நின்றோம். அப்போது அந்த வாக்கியம் வந்தது:

"இம்புட்டுத் தூரம் வந்துட்டுத் திரும்புறதா?"

என் நினைவில் அதைச் சொன்னவர் அப்பா. மப்ளரை அவிழ்த்துப் பிழிந்துகொண்டே சொன்னார். அப்படியானால், உள்ளே போகாத அந்த வீட்டுக்குப் போவதில் எங்கள் எல்லாரையும்விட ஆசை அவருக்குத்தான்.

அக்காவின் நினைவில் அதைச் சொன்னது அம்மா. "நீங்க வேணும்னா திரும்புங்க. நான் என் தங்கச்சியப் பாக்காமப் போகமாட்டேன்" என்றும் சேர்த்துச் சொன்னாளாம். அப்படியானால், அப்பாவை நாங்கள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறோம்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன. அதுதான் தொல்லை.

சரிபுதீன் நானா என்ற முஸ்லிம் வியாபாரி ஒருவரின் லொறி கருவாட்டு மூட்டைகளோடு நுவரெலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்பாதான் கைகாட்டி நிறுத்தினார். (இதை அக்காவும் ஒத்துக்கொள்கிறாள்.) நானுஓயாவில் இறங்கியபோது எங்கள் எல்லார் மேலும் கருவாட்டு வாடை. மழை விடவேயில்லை.

5

பீலியடியில் அப்பா வழக்கம்போல் நின்றுவிட்டார். ஒதுங்க ஒரு கூரை இல்லை. பீலியில் விழும் தண்ணீரையும் மழையையும் பிரித்தறிய முடியவில்லை. நாங்கள் சித்தியின் காம்பராவுக்குள், லயத்தில் அவர்களுடைய ஒற்றை அறைக்குள், போய்த் தலை துவட்டினோம். சித்தப்பா அவரைக் கூப்பிடப் போகச் சட்டையை மாட்டினார்.

"நீங்க இருங்க" என்றாள் சித்தி.

அவளே இறங்கிப் போனாள். அவள் கல்யாணம் கட்டியதிலிருந்து அப்பாவும் அவளும் நேருக்கு நேர் பேசியதே இல்லை. நாங்கள் வாசலில் வந்து நின்றோம்.

"மச்சான்."

அப்பா திரும்பவில்லை.

"நாங்க தை கழிஞ்சு இந்தியாவுக்குப் போறோம் மச்சான். எப்படியும் அனுப்பத்தான் போறாங்களாம். முந்திக்கிட்டுப் போயிருவோம்னு இவுங்க சொல்றாங்க. அடுத்த நத்தாருக்கு இங்க இருக்கமாட்டோம்."

அப்பா கேட்டார்: "எந்த ஊருக்கு?"

"இவுங்க தாத்தா ஊருக்கு. திருச்சிப் பக்கம்."

"அங்க யாரு இருக்கா?"

"தெரியல மச்சான்."

சித்தியின் தலை முழுக்க நனைந்திருந்தது. அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அந்த மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்பா அவளைப் பார்த்தார்.

"மழையில நிக்காத புள்ள" என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் நடந்து வந்து, குனிந்து, காம்பராவுக்குள் நுழைந்தார்.

இந்த இடத்தில் நானும் அக்காவும் ஒரு சொல் பிசகாமல் ஒத்துப்போகிறோம்.

அப்பா சாக்கில் உட்கார்ந்தார். சித்தி சோறு போட்டாள். என்ன கறி என்றுகூடக் கேட்காமல் சாப்பிட்டார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கைகழுவும்போது அப்பா சித்தப்பாவிடம் சொன்னார்:

"அழகுமுத்துவும் திருச்சிப் பக்கந்தான் எங்கயோ இருக்கான்னு சொன்னாங்க. பாத்தா..."

பார்த்தால் என்ன சொல்லவேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

"பாத்தாச் சொல்றேண்ணே" என்றார் சித்தப்பா.

6

இங்கே முடித்திருக்கலாம். கோபம் தீர்ந்தது என்று ஒரு முடிவு. பிரிகிற நேரத்தில் இரக்கப்பட்டார் என்று இன்னொரு முடிவு. குளிர் தாங்காமல் உள்ளே வந்தார், அவ்வளவுதான் என்று மூன்றாவது. மூன்றையும் தாளில் எழுதினேன். அடுத்த வருடம் நடந்தது மூன்றோடும் பொருந்தவில்லை.

சித்தி குடும்பம் சொன்னபடியே போய்விட்டது. 1965 நத்தாரன்று நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். அப்பா வந்து எழுப்பினார்.

"கெளம்புங்க. பஸ்ஸு போயிரும்."

அம்மா அவரைப் பார்த்தாள். எங்கே என்று அவளும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவருக்கு மறந்துவிட்டதா, புத்தி தடுமாறிவிட்டதா என்று எனக்குப் பயமாக இருந்தது. அம்மா முறுக்கை டின்னில் அடைத்தாள். அட்டனுக்கு பஸ். அங்கிருந்து ரயில். அன்று நல்ல வெயில்.

அப்பா பீலியடியில் நிற்கவில்லை. நேரே போய் அந்தக் காம்பராக் கதவைத் தட்டினார். முன்பின் பார்த்திராத ஒரு பெண் திறந்தாள். பேச்சியம்மா என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். அவளுக்குப் பின்னால் மாரியம்மன் படத்துக்கு விளக்கெரிந்தது.

"யாரப் பாக்க வந்தீங்க?" என்றாள்.

அப்பா பதில் சொன்னார். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். வாய் அசைந்தது தெரிந்தது, தணிந்த குரல் கேட்கவில்லை. அக்கா பக்கத்திலேயே நின்றவள். அவளிடம் கேட்டேன். "ஏதோ சொன்னாரு. ஞாபகமில்ல" என்கிறாள். இதில் அவளோடு சண்டை போடக்கூட வழியில்லை.

பல வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். சும்மாதாம்மா, இந்தப் பக்கமா வந்தோம். இல்லை. எங்க சனம் இங்க இருந்துச்சு. இதுவும் இல்லை. என் மச்சினிச்சிய

இல்லை.

அதற்குப் பின் பேச்சியம்மா சொன்னது மட்டும் எங்கள் இருவர் காதிலும் அப்படியே இருக்கிறது. ஆகவே நடுவரியை உங்களுக்கு விட்டுவிடுகிறேன். அப்பா அதிகம் பேசமாட்டார், நீளமாக எழுதவேண்டாம்.

"யாரப் பாக்க வந்தீங்க?"

"                              "

"அதுக்கென்னங்க, உள்ள வாங்க. புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க."