கோணல் கொக்கு

லாண்டரியில் இஸ்திரி போடுவது என் பிழைப்பு. கோணல் மடிப்பைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். அப்படிப்பட்டவளை மகளுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து, "தொடக் கூடாது" என்று சட்டம் போட்டார் ஒரிகாமி டீச்சர். நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் ஜப்பானியக் காகித மடிப்பு வகுப்பு. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கற்க வேண்டும், ஆனால் ஆளுக்கொரு தாள். பிள்ளையின் தாளில் பிள்ளையின் கை மட்டும்தான் படலாம்.

என் மகளை நாங்கள் வாண்டு என்போம். அவளுக்கு இடது கை விரல்கள் பிறவியிலேயே மடங்காது. தாளை முழங்கையால் அமுக்கி, வலது கையால் மடித்து, மோவாயால் தேய்ப்பாள். மூலையோடு மூலை சேராது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். மாலை முழுக்க மல்லுக்கட்டி, சிவப்புக் கொக்கு ஒன்றை நிறுத்தியேவிட்டாள். ஒரு பக்கம் சாய்ந்து, சண்டைக்குப் போவதுபோல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. என் கொக்கும் கச்சிதமாகத்தான் வந்திருந்தது, அதை யார் பார்த்தார்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிள்ளைகள் மடித்ததையெல்லாம் டீச்சர் கண்காட்சிக்கென்று வாங்கிவைத்துக்கொண்டார். கண்காட்சி நாளன்று போனோம். அவள் பெயர்ச்சீட்டுக்குப் பின்னால் சிவப்புக் கொக்கு விறைப்பாக நின்றது, நான் தேய்த்துவைத்த சட்டைக் காலர் மாதிரி.

"இது என் கொக்கு இல்லம்மா."

"உன்னுதுதான் கண்ணு," என்றார் டீச்சர். "லேசா சரிபண்ணி வெச்சேன். பாவம், ஆசையா செஞ்சிருக்க, நாலு பேர் பாக்கறப்ப..."

அந்தப் பாவம் எனக்குச் சுருக்கென்றது. நான் வாயைத் திறப்பதற்குள் வாண்டு கொக்கை எடுத்துப் பிரித்து, மேசையில் தட்டையாக விரித்துவிட்டாள். சிவப்புத் தாளெங்கும் வெள்ளை வெள்ளையாக மடிப்புத் தடம். ஒவ்வொரு கோணல் கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு நேர்க்கோடு.

"இது நான் மடிச்சது. இது நான் மடிக்கல." விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிறகு தன் கோடுகளிலேயே மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "விருந்தாளிங்க படியேறி வர்றாங்க! நீங்களாவது சொல்லுங்கம்மா. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"கோணலா இருக்குன்னு நினைப்பாங்க. கோணலாத்தான் இருக்கு. தொடக் கூடாதுன்னு எங்க கையைக் கட்டிப் போட்டீங்களே, அந்தச் சட்டம் உங்களுக்குக் கிடையாதா?"

டீச்சர் முகம் சுண்டிப்போனது. போகட்டும். எனக்கு இரக்கமே வரவில்லை.

வாண்டு கடைசி மடிப்பைத் தேய்க்கும்போது விருந்தினர்கள் மேசையைச் சூழ்ந்துவிட்டார்கள். மடிபட்டு மடிபட்டுத் தாள் துவண்டிருந்தது, கொக்கு முன்னைவிட அதிகமாகச் சாய்ந்தது. முன்னால் நின்ற பெரிய மனிதர் ஒருவர் சிரித்தபடி அதை நிமிர்த்திவைக்கக் கையை நீட்டினார். பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி விழுந்தது.

"அது விழல," என்றாள் வாண்டு. "அப்படித்தான் நிக்கும்."

மன்னிப்புக் கேட்கச் சொல்லி டீச்சர் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.