ஒருவர் மட்டும் இருக்கவும்

இசக்கிசெல்வி பாஸ்வேர்டை மறக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்க கவனம் இருக்கு" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுவார்கள். பாஸ்வேர்டு சரி, ஓடிபி சரி, எல்லாம் சரி. ஹார்பருக்குள் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் ஆபீஸ் வேலை. விண்ணப்பிக்க அன்று சாயங்காலம்தான் கடைசி. ஏற்கெனவே பாதி நிரப்பி வைத்திருந்ததைத் திறக்கப் போனால், புதுசாக ஒரு கூத்து வைத்திருந்தார்கள். கேமராவில் முகத்தைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்களாம்.

காட்டினாள். சிவப்பு எழுத்தில் வந்தது: ஒருவர் மட்டும் இருக்கவும்.

முத்தையாபுரத்தில் சிவசுப்பிரமணியன் அண்ணாச்சியின் பிரவுசிங் சென்டர் அது. அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "பின்னால முருகன் காலண்டர் இருக்குல்லா, அதையும் ஆளுன்னு நெனைக்கு" என்றார். காலண்டரைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேசைக்குள் வைத்தார். கலர் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த பொம்பளையையும் கிழித்தார். சுவர் மொட்டையாக நின்றது.

மறுபடியும் அதே எழுத்து. அதற்குக் கீழே இன்னொரு வரி: இன்னும் ஒரு வாய்ப்பு மட்டுமே உள்ளது. தவறினால் உங்கள் கணக்கு முடக்கப்படும்.

"கொள்ளையில போக" என்றாள் இசக்கிசெல்வி. அண்ணாச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம். அதற்குப் பக்கத்தில், அவள் இடது தோளை ஒட்டி, வெறும் சுவரின் மேல் இன்னொரு பச்சைக் கட்டம். அவள் தலையைச் சாய்த்தாள், அவள் கட்டமும் சாய்ந்தது. கொஞ்சம் பொறுத்து மற்றதும் சாய்ந்தது.

அண்ணாச்சி பட்டென்று ஸ்விட்சை அணைத்தார். "நம்ம கேமரா சரியில்லம்மா. வீட்டுல போய் போன்ல போட்டுப் பாரு தாயி." சொந்த மாமனார் ஜெராக்ஸ் எடுக்க வந்தாலும் கையை நீட்டுகிற மனுசன், அவளிடம் காசு வாங்கவில்லை.

வெயிலில் வீட்டுக்கு நடந்தாள். உப்பு லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. பயம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் நடந்தாள். ஆனாலும் தெருமுனையில் நின்று, தரையில் எத்தனை நிழல் என்று பார்த்துக்கொண்டாள். ஒன்றுதான்.

அந்த வேலை அவளுக்கு வேண்டும். இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள்ளேயே கையை விட்டு விட்டு, வீட்டில் வந்து சோற்றைத் தொட்டால் சூடு தெரியாத கதிக்கு வந்திருந்தன விரல்கள். டிகிரி படித்தவளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். இதை விட்டால் அடுத்த வருசம் வயசு தாண்டிவிடும். அவள் வயசு இல்லை. சர்டிபிகேட் வயசு.

வீட்டில் அம்மா பகவதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்னளா, போட்டாச்சா?"

"எங்க போட? நான் ஒத்தையில உக்காந்திருக்கேன், ரெண்டு பேர் இருக்கிய, ஒராள் போதும்னு சொல்லுது."

பகவதியின் கை கீரையில் அப்படியே நின்றது. "ரெண்டு பேரா?" என்றாள். பயந்த மாதிரித் தெரியவில்லை. ரொம்ப நாளாக ஒரு செய்திக்குக் காத்திருந்தவள் கேட்கிற மாதிரி இருந்தது.

அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. இசக்கிசெல்வி என்பது அவளுக்கு வைத்த பேர் இல்லை. அவளுக்கு முந்திப் பிறந்து, நடை பழகும்போதே காய்ச்சலில் போய்விட்ட அக்காவின் பேர் அது. இவள் வீட்டில் பிறந்தவள். தனியாகப் பேர் வைக்கவும் இல்லை, பிறப்பைப் பதியவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சர்டிபிகேட் கேட்டார்கள். அப்பா யோசித்தார். மூத்தவள் செத்ததையும் எங்கேயும் பதியவில்லை, அவள் சர்டிபிகேட் பெட்டியில் சும்மாதானே கிடக்கிறது, எதற்கு நாயாய் அலைய வேண்டும்? எடுத்து நீட்டிவிட்டார். அன்றைக்கே இவளுக்கு ரெண்டு வயசு கூடிப்போனது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கல்யாணம் ஆகாமல் செத்த பெண்பிள்ளையை அந்தப் பக்கத்தில் கன்னி என்று வைத்துக் கும்பிடுவார்கள். வருசம் ஒருமுறை சிற்றாடை, வளையல், ரிப்பன் எல்லாம் படைத்து, ஓலைப்பெட்டியில் போட்டு வைப்பார்கள். அப்படிச் செய்தால்தான் அந்தப் பிள்ளை அடங்கி இருக்கும். பகவதி மட்டும் ஒருநாளும் படைக்கவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டதற்கு, "உசுரோட பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருக்கவளுக்கு எவளாவது படையல் போடுவாளா?" என்றாளாம். அதே பகவதி, சின்னவளை இன்றுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ஏளா என்பாள். கோபம் வந்தாலும் ஏளா, கொஞ்சினாலும் ஏளா.

இசக்கிசெல்வி அப்பாவின் பழைய வேட்டியைச் சுவரில் ஆணியடித்துக் கட்டினாள். முன்னால் பிளாஸ்டிக் சேர். எதிரே மிக்ஸியில் சாய்த்து வைத்த போன். உட்கார்ந்தாள். திரையில் ஒரு கட்டம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தோள் பக்கத்தில் இரண்டாவது கட்டம் மெதுவாகத் தெளிந்தது. 'தொடங்கு' என்ற பொத்தானை இன்னும் அழுத்தவில்லை. அழுத்தினால் அவ்வளவுதான், கதை முடிந்தது.

"போயிருளா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "உன் கால்ல விழுதேன், இந்த ஒரு தரம் போயிரு."

கட்டம் அசையவில்லை.

"அவளை ஏன் போகச் சொல்லுத?" என்றாள் பகவதி, கதவோரம் நின்று. "அவ பேருக்குத்தான கேக்காவ?"

இசக்கிசெல்விக்கு வந்ததே ஒரு ஆத்திரம். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து இருபத்துநாலு வருசம் அடக்கி வைத்தது மொத்தமும் வந்தது. "அவ பேருதான்! அவ வயசுதான்! படிச்சவ நான், பரீட்சை எழுதினவ நான், இறால் உரிச்சுக் கை செத்தவ நான்!" திரையில் அந்த இரண்டாவது கட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஏளா, உன் பேருதான? அப்ப நீயே உக்காரு, நீயே வேலைக்கும் போ!" பொத்தானைக் குத்திவிட்டு, சேரைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓரமாகப் போய் நின்றாள்.

திரையில் காலிச் சேரும் வெள்ளை வேட்டியும் மட்டும் இருந்தன. சேரின் மேல், ஆள் உட்கார்ந்தால் முகம் வருகிற உயரத்தில், ஒரே ஒரு கட்டம்.

கண்களைச் சிமிட்டவும் என்றது போன். கொஞ்சம் பொறுத்து, நன்றி என்றது. இடப்பக்கம் திரும்பவும் என்றது. நன்றி. பச்சை டிக் விழுந்தது. வருக, இசக்கிசெல்வி.

அவள் ஓடிப்போய் போனை எடுத்தாள். பயத்தைப் பார்த்தால் வேலை போய்விடுமே! மிச்சத்தை நிரப்பினாள், டிகிரி மார்க்கை ஏற்றினாள், சமர்ப்பி என்பதை அழுத்தினாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று வந்தது. முகம் காட்டும்போதே கேமரா எடுத்த போட்டோவும் மூலையில் இருந்தது.

அவள் ஜாடைதான். ஆனால் அவள் இல்லை. நெற்றி கொஞ்சம் ஏறியிருந்தது. வலது கன்னத்தில் ஒரு மச்சம். இறால் கம்பெனியைக் கண்ணால் கண்டிராத, நல்லா உறங்கி எழுந்த முகம்.

பகவதி போனை அவள் கையிலிருந்து வாங்கினாள். கீரை நாறும் விரலால் அந்த மச்சத்தைத் தொட்டாள்.

"வளந்துட்டாளே" என்றாள். "எம் புள்ள எப்படி வளந்துட்டா!" பிறகு, சின்னவள் அம்மா வாயால் ஒருநாளும் கேட்டிராத அந்தப் பேரைச் சொன்னாள், ஆசை ஆசையாக, "இசக்கிசெல்வி, ஏ இசக்கிசெல்வி" என்று.

"அம்மா, நான் இங்கன நிக்கேன். என்னைப் பாரும்மா."

பகவதி பார்க்கவில்லை. தள்ளிக் கிடந்த சேரை இழுத்து நேராகப் போட்டு, முந்தானையால் துடைத்துவிட்டாள்.

போன் அடித்தது. தெரியாத நம்பர். மகள் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"வணக்கம், கம்பெனியிலிருந்து பேசுறோம். அப்ளிகேஷன் வந்திருக்கு, சின்ன வெரிபிகேஷன்தான். இசக்கிசெல்விங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். ஆமாம் என்றால், அது அக்கா. இல்லை என்றால், பிறகு யாரென்று சொல்வது? அவளுக்கென்று ஒரு பேர் எந்த ஆபீசிலும் இல்லை, இந்த வீட்டிலும் இல்லை.

"ஹலோ, இசக்கிசெல்வி இருக்காங்களா?"

அம்மா சேரைக் காட்டிக் கையை நீட்டினாள். "அவளத்தான கேக்காவ. அவகிட்ட குடுளா."